அழித்தாலும் திரும்பி வரும் விளம்பரங்கள்: ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

செப்டம்பர் 6, 2025, காலை | கேள்வி

வீட்டுக் கணினி, விண்டோஸ் 11, குரோம். எதைத் தேடினாலும் தெரியாத ஏதோ ஒரு முகவரிக்குப் போய், அங்கிருந்து பிங் பக்கத்தில் போய் நிற்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்” என்று பெட்டி வந்தபடியே இருக்கிறது. குரோமில் தெரியாத எக்ஸ்டென்ஷன் (உலாவியோடு சேரும் துணை நிரல்) ஒன்று இருக்கிறது. அதை நீக்கினால், கணினியை மறுபடி திறந்ததும் அதே எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருக்கிறது. குரோமையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன், பயனில்லை. ஃபார்மட் ஒன்றுதான் வழி என்கிறார்கள். அப்படித்தானா?

செப்டம்பர் 6, காலை | பதில்

ஃபார்மட் வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு துடைத்தால் இரண்டுமே போகாது.

மூலையில் வரும் பெட்டி பெரும்பாலும் நிரலே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப நீங்கள் கொடுத்த அனுமதி அது. “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்துங்கள்” என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். தேடல் திசை மாறுவது எக்ஸ்டென்ஷனின் வேலை. நீக்கினாலும் திரும்பி வருகிறது என்றால், அதைத் திரும்பப் போடும் இன்னொன்று குரோமுக்கு வெளியே இருக்கிறது.

குரோமை நீக்கிப் போட்டது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். நீக்கும்போது உலாவல் தரவையும் அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடாவிட்டால், பழைய ப்ரொஃபைல் கோப்புறை (உங்கள் அமைப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் இருக்கும் இடம்) அப்படியே தங்கிவிடும். டிக் போட்டிருந்தாலும், கணக்கில் நுழைந்ததும் சிங்க் (கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி) பழைய எக்ஸ்டென்ஷன்களையும் அமைப்புகளையும் இறக்கிக் கொடுத்துவிடும். மூன்றாவது, கட்டாய நிறுவல் கட்டளை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் நிரல்களும் அமைப்புகளைப் பதியும் இடத்தில்) இருக்கும். குரோமை நீக்கினால் அது அசையாது. அதைப் பற்றி மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 6, நண்பகல்

முதலில் சுலபமானது, மூலைப் பெட்டி.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அறிமுகமில்லாத பெயர் எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளியை அழுத்தி ‘பிளாக்’ கொடுங்கள். ‘ரிமூவ்’ கொடுத்தால் அதே தளம் மறுபடி கேட்க முடியும். பிளாக் கொடுத்தால் கேட்கவும் முடியாது. அதற்கு மேலேயே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்ற தேர்வும் இருக்கிறது. மின்னஞ்சல், அரட்டை போன்றவற்றுக்கு அறிவிப்பு தேவையில்லாதவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

எட்ஜில் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று அடித்தால் அந்த இடம் வரும். ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி பக்கத்தின் பெர்மிஷன்ஸ் பகுதி. அங்கே புதிய கோரிக்கைகளையே தடுக்கும் டிக் ஒன்று உண்டு.

பலரும் தவறவிடும் இடம்: குரோமில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரொஃபைல்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அனுமதிப் பட்டியல் தனித்தனி. வீட்டில் நான்கு பேர் நான்கு ப்ரொஃபைல் வைத்திருந்தால் நான்கிலும் பார்க்க வேண்டும். உலாவியை மூடிய பிறகும் பெட்டி வருகிறது என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், குரோம் மூடிய பின்னும் பின்னணியில் இயங்கலாம் என்ற தேர்வை அணையுங்கள்.

பெட்டியின் உள்ளே எதையும் அழுத்த வேண்டாம், மூடும் குறியைப் போல வரைந்திருக்கும் படத்தையும். உண்மையான மூடும் குறி விண்டோஸ் தருவது. அது பெட்டியின் மூலையில் இருக்கும்.

செப்டம்பர் 6, மாலை

இப்போது எக்ஸ்டென்ஷன்.

குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் “உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது” என்ற பொருளில் ஒரு வரி வருகிறதா பாருங்கள். அலுவலகக் கணினியில் அது இயல்பு. வீட்டுக் கணினியில் வந்தால், யாரோ ஒரு பாலிசி (உலாவி மீறக் கூடாத கட்டளை) எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பதறவும் வேண்டாம்: சில ஆன்ட்டிவைரஸ் நிரல்களும் கடவுச்சொல் நிர்வாகிகளும் முறையாகவே பாலிசி எழுதும். எது என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

முகவரிப் பட்டையில் ‘குரோம்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு ‘பாலிசி’ (chrome://policy). வரும் பக்கத்தில் பாலிசிகளின் பெயரும் மதிப்பும் இருக்கும். தேட வேண்டியது ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’, அதாவது கட்டாயமாக நிறுவும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியல். அதன் மதிப்பில் 32 சிறிய ஆங்கில எழுத்துகள் தொடர்ச்சியாக இருக்கும். அதுதான் எக்ஸ்டென்ஷனின் அடையாளம். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை இயக்கினால் ஒவ்வொன்றின் கீழும் அதே 32 எழுத்து தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகம் இருக்காது.

அந்த மதிப்பு இருக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. விண்டோஸ் பொத்தான், ‘ரெஜெடிட்’ (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவி, regedit), வலது கிளிக், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். இதே பாதை ஹெச்கீ கரன்ட் யூசர் கீழும் இருக்கலாம்; இரண்டையும் பாருங்கள். எட்ஜுக்கு பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், எட்ஜ்.

அழிக்கும் முன் அந்தக் குரோம் கோப்புறையில் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபோர்ஸ்லிஸ்ட் துணைக்கோப்புறையை மட்டும் அழியுங்கள். பாலிசி பக்கத்தில் ‘ரீலோட் பாலிசீஸ்’ அழுத்தினால் அந்த வரி மறைய வேண்டும். மறைந்தவுடன் குரோம் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனைத் தானாகவே எடுத்துவிடும், எடுக்காவிட்டால் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ‘ரிமூவ்’ கொடுங்கள்.

செப்டம்பர் 7 | கேட்டவர்

வரி மறைந்தது, எக்ஸ்டென்ஷனையும் நீக்கினேன். ரீஸ்டார்ட் செய்ததும் ரெஜிஸ்ட்ரியில் அதே மதிப்பு திரும்ப வந்துவிட்டது.

செப்டம்பர் 7

அப்படியானால் எழுதுகிற கை இன்னும் உள்ளே இருக்கிறது. இரண்டு இடங்களில் ஒன்று.

ஒன்று, குரூப் பாலிசி (கணினியின் அமைப்புகளை மொத்தமாகக் கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதி) கோப்பு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, அதனுள் ‘குரூப்பாலிசி’ என்ற மறைந்த கோப்புறை. எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். அதற்குள் மெஷின், யூசர் என்ற இரண்டில் ‘ரெஜிஸ்ட்ரி.பால்’ என்ற கோப்பு இருந்தால், விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அதைப் படித்து ரெஜிஸ்ட்ரியில் எழுதும். ரெஜிஸ்ட்ரியில் அழித்தது ரீஸ்டார்ட்டில் திரும்பி வருவதற்கு இதுவே போதும். நீங்களாக எந்தக் குரூப் பாலிசியும் அமைக்காத வீட்டுக் கணினி என்றால், அந்தக் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘ஜிபி-அப்டேட்’ கட்டளையை ‘ஃபோர்ஸ்’ சேர்த்து இயக்குங்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அந்தக் கோப்பு நிறுவனத்தின் சொத்து.

இரண்டாவது, டாஸ்க் ஷெட்யூலர், குறித்த வேளையில் நிரல்களைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவி. நடைமுறையில் அதிகம் மாட்டுவது இதில்தான். திறந்து, இடப்பக்கம் ‘டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி’ மேல் கிளிக் செய்யுங்கள். நடுவில் வரும் ஒவ்வொன்றின் ‘ஆக்‌ஷன்ஸ்’ தாவலைப் பாருங்கள், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்டேட், சிங்க், ஹெல்பர் என்று நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ஆக்‌ஷனில் பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ ஆகிய மூன்றில் (விண்டோஸோடு வரும், ஸ்கிரிப்ட்களை இயக்கும் நிரல்கள்) ஒன்று இருந்து, அதன்பின் பொருளில்லாத நீண்ட எழுத்துத் தொடர் வந்தால் அது மிகவும் சந்தேகத்துக்குரியது. ‘ட்ரிகர்ஸ்’ தாவலில், உள்நுழையும்போது, அல்லது சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று இருக்கும்.

உடனே அழிக்காதீர்கள். முதலில் ‘டிசேபிள்’. ஆக்‌ஷனில் உள்ள கோப்பின் பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறையின் லோக்கல் அல்லது ரோமிங் பிரிவில், இல்லையென்றால் ப்ரோகிராம்டேட்டாவில் இருக்கும். அங்கெல்லாம் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி பொதுவாகத் தேவையில்லை, அதனால்தான் அங்கே வசிக்கின்றன. டாஸ்க்கை அழித்துவிட்டால் அந்தப் பாதை கையைவிட்டுப் போய், கோப்பு அனாதையாக உள்ளேயே கிடக்கும்.

செப்டம்பர் 7, இரவு

பவர்ஷெல் டாஸ்க்குக்கு நல்ல உதாரணம் 2022-இல் பரவிய குரோம்லோடர் என்ற தீநிரல். திருட்டு விளையாட்டு, திருட்டு மென்பொருள் என்று சொல்லி ஐஎஸ்ஓ கோப்பாக (வட்டு நகலாக) வந்தது. திறந்தால் ஷெட்யூல்டு டாஸ்க் ஒன்று அமையும். அது பவர்ஷெல்லை எழுப்பி, எக்ஸ்டென்ஷனை இறக்கி, குரோமை அதோடு சேர்த்துத் திறக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறக்க முயன்றால் செட்டிங்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிடும், நீக்கக் கூடாது என்பதற்காக. எக்ஸ்டென்ஷன் பக்கமே திறக்க மறுக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த வகைதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். டாஸ்க்கை நிறுத்தாமல் உலாவியைத் தொட்டு எந்தப் பயனும் இல்லை.

செப்டம்பர் 8

வரிசையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், மேலே கேள்விக்கேற்றபடி சிதறிவிட்டது.

இணைய இணைப்பைத் துண்டியுங்கள். தேவையான கருவிகளை அதற்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டால் இப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) ஒன்று உருவாக்குங்கள். பிறகு, நிறுவிய நிரல்களின் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளில் உள்ளே வந்த எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு பெயர்கள் சேர்ந்து வந்திருக்கும். அவற்றை முறையாக அன்இன்ஸ்டால் செய்வதுதான் முதல் வேலை, ஸ்கேனர் அதற்குப் பிறகு. ஸ்கேனர் பாதிக் கோப்புகளை எடுத்துவிட்டால் அன்இன்ஸ்டாலர் உடைந்து, பட்டியலில் பெயர் மட்டும் நீக்க முடியாமல் நிற்கும்.

அன்இன்ஸ்டால் திரைகளை நிதானமாகப் படியுங்கள். ‘வைத்துக்கொள்’ பொத்தானைப் பெரிதாகப் பளிச்சென்றும், ‘நீக்கு’ என்பதைச் சாம்பல் நிறத்தில் சிறிதாகவும் வைப்பது வழக்கம். நீக்கும் வேளையிலேயே இன்னொரு நிரலைப் பரிந்துரைத்து உள்ளே விடப் பார்ப்பதும் உண்டு.

அதன்பின் டாஸ்க்குகள், ஸ்டார்ட்அப் பதிவுகள் (கணினி எழும்போதே ஓடுபவை). அதன்பின் பாலிசி. அதன்பின் ஸ்கேனர். உலாவி கடைசியில். பலர் உலாவியில் தொடங்குகிறார்கள், அதனால்தான் திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்கிறார்கள்.

செப்டம்பர் 8, பிற்பகல்

ஸ்டார்ட்அப் பதிவுகளுக்கு டாஸ்க் மேனேஜரின் தாவல் போதாது. அது காட்டுவது சில இடங்களை மட்டும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ‘ஆட்டோரன்ஸ்’ இலவசம், நிறுவத் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் தேர்வைப் போட்டால் பட்டியல் சுருங்கும். மீதியில் கையொப்பம் இல்லாதவை, பதிப்பாளர் பெயர் காலியாக உள்ளவை, ஆப்டேட்டாவிலிருந்து ஓடுபவை ஆகிய மூன்றையும் கவனியுங்கள். மஞ்சள் நிற வரி என்றால் அது சுட்டும் கோப்பு இப்போது இல்லை என்று பொருள். பழைய குப்பை, ஆபத்து குறைவு. சந்தேகமானதன் டிக்கை எடுத்தாலே அது செயலிழக்கும், தவறென்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஆட்டோரன்ஸில் ‘டபிள்யூஎம்ஐ’ (ஏதாவது நிகழ்ந்ததும் நிரலைத் தூண்டக்கூடிய விண்டோஸ் வசதி) என்றும் ஒரு தாவல் உண்டு. வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டைச் சரிசெய்த சில நிமிடங்களில் அது மறுபடி கெட்டுப்போனால் இங்கே வந்து பாருங்கள்.

ஷார்ட்கட் என்றதும் சொல்ல வேண்டியது: குரோம் ஐகானில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ‘டார்கெட்’ பெட்டி. குரோம்.இஎக்ஸ்இ என்பதற்கும் மூடும் மேற்கோள் குறிக்கும் பிறகு எதுவும் இருக்கக் கூடாது. அங்கே ஒரு இணைய முகவரி ஒட்டியிருந்தால், எத்தனை முறை முகப்புப் பக்கத்தை மாற்றினாலும் அதே பக்கம்தான் திறக்கும். டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு மூன்றிலும் தனித்தனி ஷார்ட்கட்கள், மூன்றையும் பாருங்கள். நீங்களே உருவாக்கிய ப்ரொஃபைல் ஷார்ட்கட் என்றால் ப்ரொஃபைல் பெயர் சொல்லும் பகுதி இருக்கும், அது சரியானதுதான்.

செப்டம்பர் 9 | இன்னொருவர்

ஆட்வ்கிளீனர், மால்வேர்பைட்ஸ் இரண்டும் ஒன்றா? இரண்டும் வேண்டுமா?

செப்டம்பர் 9

இப்போது ஒரே நிறுவனத்தின் கைகளில். ஆட்வ்கிளீனரை மால்வேர்பைட்ஸ் 2016-இல் வாங்கியது. வேலை வேறு. ஆட்வ்கிளீனர் விளம்பர நிரல், டூல்பார், உலாவிக் கடத்தல் ஆகியவற்றை மட்டும் தேடும். நிறுவ வேண்டாம், விரைவில் முடியும். மால்வேர்பைட்ஸ் முழு ஸ்கேனர். இலவசமாக வைத்துக்கொண்டால் நீங்கள் இயக்கும்போது மட்டும் தேடும், அதுவே இந்த வேலைக்குப் போதும்.

ஆட்வ்கிளீனரில் இரண்டு விஷயம். ஸ்கேன் முடிந்ததும் கணினித் தயாரிப்பாளர் முன்கூட்டியே போட்டுக் கொடுத்த நிரல்களையும் தனிப்பிரிவாகக் காட்டும். அவை தொற்று இல்லை. ஒலி, டச்பேட், விசைப்பலகை விளக்கு போன்றவற்றுக்கானவையும் அதில் கலந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாதீர்கள். இரண்டாவது, அதன் செட்டிங்ஸில் ‘பேசிக் ரிப்பேர்’ பகுதி. குரோம் பாலிசிகள், ப்ராக்ஸி (போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்), ஹோஸ்ட்ஸ் கோப்பு (தளப் பெயர்களுக்கு எண் முகவரி எழுதிவைக்கும் கோப்பு), வின்சாக் (விண்டோஸின் இணைய இணைப்புப் பகுதி) எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் சாவிகள் அங்கே இருக்கின்றன. மேலே நான் கையால் செய்யச் சொன்னதில் ஒரு பகுதியை இதுவே செய்துவிடும். ஆனாலும் ஷெட்யூல்டு டாஸ்க்கைக் கையால் பார்த்துவிடுங்கள்.

குரோமுக்குள்ளேயே முன்பு ஒரு துப்புரவுக் கருவி இருந்தது. பழைய கட்டுரைகள் இன்னும் அதைத்தான் பரிந்துரைக்கின்றன. 2023-இல் குரோம் 111 பதிப்போடு கூகுள் அதை எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கருவியை இறக்கும்போது தேடல் முடிவின் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தாதீர்கள். தேடலே கடத்தப்பட்ட கணினியில் துப்புரவுக் கருவியைத் தேடி எடுப்பது நேரே வலையில் போய் விழுவது. முகவரியை நேரடியாக அடியுங்கள், அல்லது சுத்தமான வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

செப்டம்பர் 9, இரவு

விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘எதையும் கண்டுபிடிக்கவில்லை’ என்று அது சொன்னால் இரண்டு இடங்களைச் சோதியுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டி, ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’, ‘ரெபுடேஷன் பேஸ்டு ப்ரொடெக்‌ஷன்’. அதில் வேண்டாத நிரல்களைத் தடுக்கும் சாவி இருக்கும். அது அணைந்திருந்தால் விளம்பர நிரல்களில் பலவற்றை டிஃபெண்டர் கண்டுகொள்ளாது, அவை சட்டப்படி வைரஸ் என்ற வகையில் வராததால்.

அடுத்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. இதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கிடைத்த நிரல் தன் கோப்புறையை, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே, விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு நீங்கள் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அந்த இடத்தை டிஃபெண்டர் திரும்பிப் பார்க்காது. நீங்கள் சேர்க்காதது அங்கே எது இருந்தாலும் நீக்குங்கள், பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும். ஏறத்தாழ 15 நிமிடம்.

இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் நிகழ்நேரக் காவலுக்கு வைக்க வேண்டாம். ஒன்றின் கோப்பை இன்னொன்று பிடிக்கும், கணினி தவழும்.

செப்டம்பர் 10 | கேட்டவர்

டாஸ்க்கில் ஒன்று மாட்டியது, பவர்ஷெல்தான். நிறுத்தினேன், கோப்பையும் அழித்தேன். பாலிசி இப்போது திரும்ப வரவில்லை. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை! ப்ராக்ஸி சர்வரை அடைய முடியவில்லை என்கிறது.

செப்டம்பர் 10

இது நல்ல அறிகுறி. உங்கள் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிக்கொண்டிருந்த நிரல் செத்துவிட்டது. திருப்பிவிடும் பலகை மட்டும் மிச்சம்.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. கையால் அமைக்கும் ப்ராக்ஸியில் 127.0.0.1 (உங்கள் கணினியையே குறிக்கும் எண்) என்று முகவரியும் ஏதாவது ஒரு போர்ட் எண்ணும் இருக்கும். அதை அணையுங்கள். மேலேயுள்ள ‘செட்அப் ஸ்கிரிப்ட்’ பெட்டியில் ஏதாவது முகவரி இருந்தால் அதையும். தானாகக் கண்டறியும் சாவி இருக்கட்டும். ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொந்த ப்ராக்ஸி அமைப்பு உண்டு. செட்டிங்ஸின் அடியில் நெட்வொர்க் செட்டிங்ஸில் பாருங்கள்.

அப்போதும் வராவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’, ரீஸ்டார்ட்.

அணைத்த ப்ராக்ஸி தானாக மறுபடி இயங்கினால், இன்னொரு டாஸ்க்கோ சர்வீஸோ மிச்சம் இருக்கிறது. செப்டம்பர் 7 குறிப்புக்குத் திரும்புங்கள்.

செப்டம்பர் 11

எங்கிருந்து விளம்பரம் வருகிறது என்று பிரித்தறியும் முறையைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்கலாம். இனி இதைப் படிப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

அதே பக்கத்தை இன்காக்னிட்டோவில் திறங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் அனுமதிக்காவிட்டால் ஓடாது. விளம்பரம் மறைந்தால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான். மறையாவிட்டால் இன்னொரு உலாவியில் திறங்கள். இரண்டிலும் வந்தால் உலாவிக்கு வெளியே: ப்ராக்ஸி, டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை), ஹோஸ்ட்ஸ், அல்லது கணினியில் ஓடும் நிரல். அதே வைஃபையில் இருக்கும் கைபேசியிலும் வந்து, கைபேசியை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் நின்றுபோனால், கணினியை விட்டுவிட்டு ரூட்டரைப் பாருங்கள். ஒரே ஒரு தளத்தில் மட்டும், எல்லாக் கணினியிலும், எல்லா இணைப்பிலும் வருகிறது என்றால் அது அந்தத் தளமே போடும் விளம்பரம். உங்கள் கணினியில் துடைக்க எதுவும் இல்லை.

எந்த உலாவியும் திறக்காதபோது ஒரு சாளரம் எழுந்தால், சிஸ்இன்டர்னல்ஸின் ‘ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ திறந்து, மேலே இருக்கும் குறிவட்டத்தை இழுத்து அந்தச் சாளரத்தின் மேல் விடுங்கள். சாளரம் எந்த நிரலுடையது என்று பட்டியலில் சுட்டிக்காட்டும். இதைவிட நேரான சோதனை இல்லை.

செப்டம்பர் 11, மாலை

ஹோஸ்ட்ஸ் கோப்பு: சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதன் வழியாகத் திறங்கள். இயல்பான கோப்பில் # குறியில் தொடங்கும் விளக்க வரிகள் மட்டும் இருக்கும். கடைசி வரி வரை உருட்டிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வெற்று வரிகளுக்குக் கீழே ஒளித்து வைப்பது பழைய தந்திரம். ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் தளப் பெயர்கள் 127.0.0.1 என்ற எண்ணோடு இருந்தால் அது திருட்டு வேலை. 0.0.0.0 என்று தொடங்கி ஆயிரக்கணக்கில் விளம்பரத் தளங்கள் இருந்தால், விளம்பரத்தைத் தடுக்க நீங்களோ வீட்டில் யாரோ போட்டதாக இருக்கலாம்.

டிஎன்எஸ்: ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரி உங்கள் இணைய நிறுவனம் தந்ததா, நீங்கள் தேர்ந்ததா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரூட்டரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், ஃபர்ம்வேரை (அதன் உள் மென்பொருளை) புதுப்பித்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, நிர்வாகக் கடவுச்சொல் வேறு. பெரும்பாலோர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் டிஎன்எஸ் முகவரியை மாற்றித்தான் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கணினிகளைத் திருப்பியது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. உடனே சர்வர்களை அணைத்தால் தொற்றிய கணினிகள் எல்லாம் இணையம் இழக்கும் என்பதால், மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட்டார்கள். உங்கள் ப்ராக்ஸி கதையும் அதே கணக்குதான்: திருப்பியவன் போன பிறகும் அமைப்பு அவனிடமே போகச் சொல்லும்.

செப்டம்பர் 12

ஒரு தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை, அரிதானாலும் ஆபத்து அதிகம். 2014 கடைசியிலிருந்து சில லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்தது. பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க, அது தன் சொந்த ரூட் சான்றிதழை (மற்ற சான்றிதழ்களை நம்பவைக்கும் மூலச் சான்றிதழை) விண்டோஸில் பதித்தது. எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவி. அது வெளியே தெரிந்ததும், யார் வேண்டுமானாலும் வங்கித் தளம்போல வேடமிடலாம் என்றானது. நிரலை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் தங்கிவிட்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பாதுகாப்பான பக்கத்திலும் விளம்பரம் நுழைந்திருந்தால், அந்தப் பக்கத்தின் சான்றிதழை வழங்கியது யார் என்று முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் குறி வழியாகப் பாருங்கள். வெவ்வேறு தளங்களுக்கெல்லாம் ஒரே அறியாத பெயர் வந்தால், ‘செர்ட்எம்ஜிஆர்’ (சான்றிதழ்களைக் காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து ட்ரஸ்டெட் ரூட் பட்டியலில் அதே பெயரைத் தேடுங்கள். சில ஆன்ட்டிவைரஸ்களும் இணையப் போக்குவரத்தைச் சோதிக்க இப்படிச் செய்யும். பெயரைச் சரிபார்த்த பிறகே நீக்குங்கள்.

செப்டம்பர் 12, இரவு | இன்னொருவர்

மேக்கில்? அப்ளிகேஷன்ஸ் கோப்புறையிலிருந்து குப்பைக்கு இழுத்துவிட்டேன், சஃபாரி முகப்பு இன்னும் மாறவில்லை.

செப்டம்பர் 13

மேக்கிலும் இதே கதை, இடங்கள் மட்டும் வேறு. சிஸ்டம் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘ப்ரொஃபைல்’ என்று அடியுங்கள். சொந்தக் கணினியில் நீங்கள் போடாத கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அதுதான் முகப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. அதை நீக்குங்கள். பிறகு லாகின் ஐட்டம்ஸ் (உள்நுழைந்ததும் தானாக எழுபவை). பிறகு ஃபைண்டரின் ‘கோ டு ஃபோல்டர்’ வழியாக லைப்ரரிக்குள் லாஞ்ச்ஏஜென்ட்ஸ், லாஞ்ச்டீமன்ஸ் கோப்புறைகள். கணினி முழுமைக்குமான லைப்ரரி ஒன்று, உங்கள் பயனர் பெயருக்குள் ஒன்று. இரண்டையும் பார்க்க வேண்டும். அங்கிருக்கும் பிலிஸ்ட் கோப்பைத் திறந்தால் எந்த நிரலை எழுப்புகிறது என்ற பாதை தெரியும். அறியாத நிரல் என்றால் அதையும் அந்த பிலிஸ்ட்டையும் சேர்த்து நீக்கி, ரீஸ்டார்ட் செய்த பிறகு சஃபாரியைச் சரிசெய்யுங்கள்.

செப்டம்பர் 13, மாலை

கேட்டவருக்கு: இப்போது உலாவி. குரோமில் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுங்கள். எக்ஸ்டென்ஷன்கள் அணையும், முகப்பும் தேடுபொறியும் பழையபடி ஆகும், தற்காலிகத் தரவு போகும். புக்மார்க், வரலாறு, கடவுச்சொற்கள் அப்படியே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ரிஃப்ரெஷ்’, பழைய தரவை டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையாக வைத்துவிடும்.

சிங்க் விஷயத்தில், முதலில் எக்ஸ்டென்ஷன்ஸ், செட்டிங்ஸ் இரண்டை மட்டும் சிங்கிலிருந்து விலக்கிவிட்டு, அந்தக் கணக்கு இருக்கும் மற்ற கணினிகளிலும் அதே எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் கணக்கின் குரோம் சிங்க் பக்கத்தில் தரவு முழுவதையும் அழியுங்கள். அதற்கு முன் புக்மார்க்கையும் கடவுச்சொற்களையும் எக்ஸ்போர்ட் செய்யாமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். கடவுச்சொல் கோப்பு யாரும் படிக்கக்கூடிய வடிவில் வரும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

செப்டம்பர் 14

விளம்பரம் நின்றதும் வேலை முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம். “எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்” அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன் நீங்கள் தட்டச்சு செய்த கடவுச்சொல்லையும் படிக்க முடியும். படித்ததா என்று கண்டுபிடிக்க உங்களிடம் வழியில்லை, படித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் சாவி அதுதான். பிறகு வங்கி. ஒவ்வொன்றிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானையும் அழுத்துங்கள். திருடிய குக்கீ (நீங்கள் உள்நுழைந்ததை நினைவில் வைக்கும் சிறு தரவு) கையில் இருந்தால் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய முடியும். பல தளங்களில் அந்தப் பொத்தான்தான் அதைச் செல்லாததாக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள்.

செப்டம்பர் 14, இரவு | கேட்டவர்

அந்த எக்ஸ்டென்ஷனை நான் நிறுவவே இல்லை. ஆனால் மற்ற எட்டும் நானே தேர்ந்து போட்டவை, பல வருடமாக இருப்பவை. அவற்றை மறுபடி இயக்கலாமா?

செப்டம்பர் 15

நீங்களே போட்டது என்பது உத்தரவாதம் ஆகாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் நல்லதாகவே தொடங்கியது, பெரும் பயனர் கூட்டம் இருந்தது. 2020-இல் உரிமை கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் உள்ளே இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. நானோ ஆட்பிளாக்கருக்கும் 2020-இல் விற்பனைக்குப் பிறகு இதே கதி. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். உரிமையாளர் மாறியதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை.

எட்டையும் ஒரே நேரத்தில் இயக்க வேண்டாம். ஒன்றை இயக்கி, ஒருநாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு அடுத்தது. தேவைப்படாததை நீக்கிவிடுங்கள். இருப்பதற்கு ‘சைட் ஆக்சஸ்’ தேர்வில் ‘கிளிக் செய்தால் மட்டும்’ என்று வையுங்கள். பக்க நிறம் மாற்றும் எக்ஸ்டென்ஷனுக்கு வங்கித் தளத்தில் என்ன வேலை?

விளம்பரத் தடுப்பான் எது என்று கேட்பார்கள் என்பதால்: யூபிளாக் ஆரிஜின். பெயரில் ‘ஆரிஜின்’ இருக்க வேண்டும். வெறும் யூபிளாக் வேறொருவருடையது. குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் இப்போது அங்கே ‘லைட்’ பதிப்பு மட்டும் ஓடும். முழுப் பதிப்பு வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ்.

செப்டம்பர் 16

ஃபார்மட் எப்போது நியாயம் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். டிஃபெண்டரை இயக்கவே முடியவில்லை, இயக்கினால் தானாக அணைகிறது என்றால். ஸ்கேனர் காட்டும் பெயர்களில் ட்ரோஜன், ஸ்டீலர், ரூட்கிட் (வேடமிட்டு நுழையும், தகவல் திருடும், ஆழமாக ஒளிந்திருக்கும் தீநிரல்கள்) என்று வந்தால். திருட்டு மென்பொருளின் ‘கிராக்’ கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கியிருந்தால். இந்த மூன்றில் எதுவானாலும் துடைத்துப் பார்ப்பதில் காலம் போக்காதீர்கள். சொந்தக் கோப்புகளை மட்டும் நகலெடுத்து, இஎக்ஸ்இ எதையும் எடுக்காமல், சுத்தமான கணினியில் உருவாக்கிய யூஎஸ்பியிலிருந்து டிஸ்க் பார்ட்டிஷன்களை அழித்துப் புதிதாக நிறுவுங்கள். நிறுவிய பின் சிங்கை உடனே இயக்கினால் அதே எக்ஸ்டென்ஷன் மறுபடி வரும், ஆகவே முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

உங்களுடையது அந்த நிலையில் இல்லை.

செப்டம்பர் 18 | கேட்டவர்

மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். பாலிசி பக்கம் காலி. தேடல் நேராகப் போகிறது. டாஸ்க் ஷெட்யூலரில் செயலிழக்கச் செய்த அந்த டாஸ்க் மட்டும் இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 18

அது ஓடவைத்த கோப்பு போய்விட்டதால் இப்போது அழித்துவிடலாம். ரெஜிஸ்ட்ரி நகலையும், நகர்த்தி வைத்த கோப்பு ஏதாவது இருந்தால் அதையும் இன்னும் ஒரு வாரம் வைத்திருங்கள். விண்டோஸ் அப்டேட் ஒன்று முடிந்த பிறகும் பாலிசி பக்கம் காலியாக இருந்தால் அவற்றையும் நீக்கலாம். பழைய ரீஸ்டோர் பாயின்ட்களையும் அழித்துப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பழையதற்குத் திரும்பினால் டாஸ்க்கும் பாலிசியும் கூடவே திரும்பக்கூடும்.

வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்த ஸ்டாண்டர்டு பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். ஆப்டேட்டாவுக்குள் நுழைவதை அது தடுக்காது. ஆனால் கணினி முழுமைக்குமான பாலிசி எழுதுவது, டிஃபெண்டர் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது, ரூட் சான்றிதழைக் கணினி முழுமைக்கும் பதிப்பது ஆகிய மூன்றுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் கேட்கும்.